எடுத்தது எவ்வளவு, விட்டது எவ்வளவு?



யுரேனியச் சுரங்கம் பற்றி நான் போட்ட பதிவில் ஒரு பழைய மாணவர், "சார், நீங்க நடத்தின அயனிப் பரிமாற்றம் இருக்கே! உலோகத்தை மட்டும் உருவிடலாம். அப்புறம் எதுக்கு எதிர்ப்பு?" என்று கேட்டிருக்கிறார். பலரும் அதற்கு லைக் போட்டிருக்கிறீர்கள். அப்படியானால் நான் பாதிப் பாடம்தான் நடத்தியிருக்கிறேன். மீதியை இப்போது நடத்துகிறேன்.

ஜார்க்கண்டில் ஜாதுகுடா என்று ஓர் ஊர். 1967-ல் தொடங்கிய யுரேனியம் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியாவின் ஆலை அங்கே இருக்கிறது. பாறையை மாவாக அரைத்து, கந்தக அமிலத்தில் கரைத்து, வடிகட்டிய கரைசலை ரெசின் மணிகள் வழியே விடுவார்கள். யுரேனியம் மணிகளில் ஒட்டிக்கொள்ளும். உப்புக் கரைசல் விட்டால் இறங்கி வரும். அருமையான வேதியியல்தான், மறுக்கவில்லை.

ஆனால் ஒரு டன் பாறைக்கு ஒரு கிலோ யுரேனியம்கூடத் தேறாது. மிச்சம் 999 கிலோவும் சேறு. ஒரு பங்கு சுரங்கக் குழிக்கே திரும்பும். நைசான சேறு கழிவுக் குட்டையில் தேங்கும்.

பிளஸ் டூ லேபில் பேரியம் குளோரைடு ஊற்றி சல்பேட்டைக் கண்டுபிடித்தோமே, அந்த வெள்ளை வீழ்படிவு ஞாபகம் இருக்கிறதா? ரேடியமும் பேரியத்தின் தொகுதிதான். கந்தக அமிலத்தில் பெரும்பாலும் கரையாமல் சேற்றிலேயே தங்கிவிடும். ரெசின் பக்கமே வராது. அது பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் ஆகும்.

"கழிவுநீரைச் சுத்திகரிக்கிறார்களே" என்பீர்கள். உண்மைதான். சுண்ணாம்பும் பேரியம் குளோரைடும் சேர்க்கிறார்கள். தண்ணீர் தெளியும். படிந்தது எங்கே போகும்?

காவாந்தண்டலத்தில் நம் வீட்டுக்கு உப்புத் தண்ணீரை மாற்ற சாஃப்ட்னர் வைத்தோம். அதுவும் ரெசின்தான். அதைக் கழுவிய உப்புநீரைக் கொல்லையில் விட்டோம். இரண்டே மாதத்தில் வாழை கருகிப்போனது. குழாயில் நல்ல தண்ணீர் வந்தது, வாழைக்கு யார் பதில் சொல்வது?

நான் அயனிப் பரிமாற்றத்துக்கு எதிரி இல்லை. அதை நற்சான்றிதழாகக் காட்டுவதற்குத்தான் எதிரி. சுரங்கம் வேண்டும் என்பவர் மூன்று கேள்விக்குப் பதில் சொல்லட்டும். சேறு யார் ஊரில் கிடக்கும்? யார் காவல்? எத்தனை தலைமுறைக்கு?

பதில் தெரிந்தவர்கள் எழுதுங்கள். தப்பாக இருந்தாலும் இப்போது பிரம்பெடுக்க மாட்டேன்.