அம்மம்மாவின்ர வீடு, அப்பாவின்ர பெயர்

எங்களில் ஒருத்தியின் கலியாண அழைப்பிதழ் போன கிழமை அச்சாகி வந்தது. "திரு. திருமதி" என்று போட்டு அப்பாவின் பெயர் மட்டும். அம்மாவுக்கு அதில் கிடைத்தது "திருமதி" என்ற ஒரு சொல். கலியாணம் நடக்கப்போகிற வீடோ அம்மாவின் சீதன வீடு, அம்மம்மா எழுதிக் கொடுத்தது. கேட்டால் ஒரே பதில்: "உது வழமைதானே பிள்ளை."

சரி, வழமையைப் பற்றியே கதைப்பம். 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் எழுதித் தொகுத்த தேசவழமையைப் பாருங்கள். அப்பா வழி முதுசம் ஆண்பிள்ளைகளுக்கு, அம்மா வழிச் சீதனம் பெண்பிள்ளைகளுக்கு என்பதுதான் அதில் சொல்லப்படுகிற பழைய ஒழுங்கு. அதனால்தான் யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வீடுகள் தலைமுறை தலைமுறையாகப் பெண்களின் கையால் கைமாறி வந்திருக்கின்றன. இதை நாங்கள் பெண்ணுரிமை எண்டு கொண்டாடவில்லை. சீதனம் எத்தனை குடும்பங்களைக் கடனாளியாக்கினது எண்டும் தெரியும், தன்ர காணியை விற்கக்கூட மனைவிக்குப் புருஷனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் எண்டும் தெரியும். நாங்கள் கேட்கிறது ஒண்டுதான். உறுதியில் எழுதக்கூடிய பெயரை முதலெழுத்தில் ஏன் எழுதக்கூடாது?

ஸ்பெயினில் பிறக்கிற பிள்ளைக்கு இரண்டு குடும்பப்பெயர்கள். அப்பாவினது ஒன்று, அம்மாவினது ஒன்று. கலியாணம் கட்டினாலும் பெண் தன் பெயரை மாற்றுவதில்லை. அவர்கள் ஆண்ட லத்தீன் அமெரிக்க நாடுகள் பலவற்றிலும் இதே வழக்கம்தான். எங்கட வாசிப்பு வட்டங்களில் தலையில் தூக்கி வைக்கிற கொலம்பிய எழுத்தாளர் கப்ரியேல் கார்சியா மார்க்வெஸை எடுங்கோ. கார்சியா அப்பாவின் பெயர், மார்க்வெஸ் அம்மாவின் பெயர். "மார்க்வெஸ் வாசிச்சனியா?" எண்டு பெருமையாகக் கேட்கிற தோழர்கள் அவரை இவ்வளவு காலமும் அம்மாவின் பெயரால்தான் கூப்பிட்டுக்கொண்டு இருக்கினம். பிக்காசோவும் அப்படித்தான். அவரின் அப்பா ரூயிஸ். ஓவியத்தில் கையெழுத்தாக நிலைத்தது அம்மாவின் பெயர்.

ஸ்பெயின் சொர்க்கம் எண்டு சொல்லவில்லை. அங்கேயும் அப்பாவின் பெயர்தான் முன்னுக்கு நின்றது. பெற்றோர் ஒத்துக்கொண்டால் அம்மாவின் பெயரை முதலில் வைக்கலாம் என்ற சட்டம் 1999இல்தான் வந்தது. 2017இலிருந்து எது முதலில் என்பதைப் பெற்றோரே தீர்மானிக்க வேண்டும். அம்மாவின் பெயர் என்று சொல்கிறதும் பெரும்பாலும் அவவின்ர அப்பாவிடமிருந்து வந்ததுதான். பேரப்பிள்ளை காலத்தில் அதுவும் உதிர்ந்துவிடும். குறையுள்ள முறைதான். ஆனால் ஒரு தலைமுறைக்காவது அம்மா கண்ணுக்குத் தெரிகிறா.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "தமிழருக்குக் குடும்பப்பெயரே இல்லை, நாங்கள் எவ்வளவு முற்போக்கு!" கந்தசாமி என்று ஒருவரையும் கந்தன் என்று இன்னொருவரையும் சாதி பார்த்து எழுதின ஊர் இது. அந்த முற்போக்கு இருக்கட்டும். குடும்பப்பெயர் இல்லாமலே அப்பாவைப் பிள்ளையின் தலையிலும், புருஷனை மனைவியின் தலையிலும் ஒற்றை எழுத்தாக ஏற்றி வைத்திருக்கிறம். கனடா, லண்டன் போனதும் அந்த எழுத்து முழுப்பெயராக விரிந்து குடும்பப்பெயராகிவிட்டது. அங்கே எங்கட மச்சாள்மாரை வகுப்பில் அப்பப்பாவின் பெயர் சொல்லிக் கூப்பிடுகினம். அம்மம்மாவுக்கு அங்கேயும் இடமில்லை.

அரசு எங்களைவிட மேல் இல்லை. 1948 குடியுரிமைச் சட்டத்தின்படி, கலியாணம் கட்டின பெற்றோரின் பிள்ளைக்கு வம்சாவழிக் குடியுரிமை அப்பாவிடமிருந்துதான் வந்தது. 2003இல்தான் அம்மாவும் அதற்குப் போதும் என்றானது. எங்கட பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களில் "பெற்றார் விவாகஞ் செய்தவர்களா" எண்டு ஒரு கூடு இருந்தது. அந்தக் கூட்டில் "இல்லை" எண்டு இருந்த பிள்ளை, பள்ளிக்கூடத்தில் பத்திரத்தை நீட்டேக்கை என்ன பாடுபட்டிருக்கும் எண்டு எத்தனை பேர் யோசிச்சினம்?

யுத்தத்துக்குப் பிறகு எத்தனை வீடுகளில் அம்மா மட்டும் இருக்கிறா. காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடி 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் றோட்டுக்கரையில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் அம்மாமார்தான். அப்பா காணாமல் போன பிள்ளைக்கு அந்த முதலெழுத்து வெறும் எழுத்தில்லை, அது எங்களுக்கு விளங்கும். அதை அழியுங்கோ எண்டு கேட்கவில்லை. பக்கத்தில் இன்னொரு எழுத்துக்கு இடம் விடச் சொல்லுகிறம்.

ஒரு வேடிக்கையும் இருக்கு. எங்கட ஊர்ப் பத்திரிகைகளில் அப்பா, அம்மா இரண்டு பேரின் பெயரும் தவறாமல் வருகிற இடம் மரண அறிவித்தல். "இன்னார் இன்னார் தம்பதியினரின் அன்பு மகளும்..." செத்த பிறகு எழுத முடிகிறதென்றால் கலியாண அட்டையில் எழுத என்ன தடை?

தோழியின் அட்டை மறுபடி அச்சுக்குப் போயிருக்கிறது, இந்த முறை அம்மாவின் பெயரோடு. செலவை நாங்கள் பிரித்துக் கட்டினோம். இனி இங்கே எழுதுகிற எங்கள் எல்லாருடைய பெயருக்கு முன்னாலும் இரண்டு முதலெழுத்துகள் வரும், அம்மாவினது முதலில். பெரியப்பாமார் கோபிப்பினம், கோபிக்கட்டும்.