முதல் ஐவரில் இல்லாதவர்



சென்ற மாதம் ஒரு ஜுமுஆ முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த வேளையில், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் டர்னராகப் பணிபுரியும் சகோதரர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்தார். அவருடைய மகன் பதினோராம் வகுப்பு மாணவன். இரண்டு ஆண்டுகளாகக் கூடைப்பந்து ஆடுகிறான். வாரத்தில் நான்கு மாலைகள் ஆவடிப் பக்கம் உள்ள ஆடுகளத்துக்கு மின்சார ரயிலில் சென்று வருகிறான். காலணிக்கு மட்டும் அவருடைய பத்து நாள் ஓவர்டைம் கரைந்துவிட்டது. பல நாட்கள் மஃரிப் ஜமாஅத் தவறுகிறது. இத்தனைக்கும் போட்டியன்று அவனைக் களத்தில் இறக்குவது நான்கு நிமிடமோ ஐந்து நிமிடமோதான். மீதி நேரமெல்லாம் பெஞ்சு.

"உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதற்கா பாய் இவ்வளவு பாடு? நிறுத்திவிடட்டுமா?" என்று கேட்டார்.

அவருக்கு உடனே விடை சொல்ல நம்மால் இயலவில்லை. விளையாட்டைப் பற்றி நமக்கிருந்த அறிவு சொற்பம். ஆனால் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. முதல் ஐவரில் இடம்பெறாத ஆட்டக்காரனின் காலமெல்லாம் வீண்தானா என்று தேடிப் படித்தோம். அந்தத் தேடலில் மீண்டும் மீண்டும் எதிர்ப்பட்ட ஒருவரைப் பற்றியே இங்கு எழுதுகிறோம். அவர் பெயர் ஸ்டீவ் கெர். நம் மஹல்லாப் பிள்ளைகள் ஸ்டெஃபென் கரியின் பெயர் பொறித்த பனியன் அணிந்து திரிகிறார்களே, அந்தக் கரியின் பயிற்சியாளராகக் கோப்பைகளை வென்றவர்.

கெர் பிறந்த ஊர் பெய்ரூத், ஆண்டு 1965. அவருடைய பாட்டனார் முதல் உலகப் போருக்குப் பின் மர்ஆஷ் நகரில் ஆர்மீனிய அநாதைகளுக்கான நிவாரணப் பணிக்கு வந்து, பிறகு பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானவர். தந்தை மால்கம் கெர் அரபு நாடுகளின் அரசியலை ஆராய்ந்த அறிஞர்; அவரும் பெய்ரூத்திலேயே பிறந்தவர். மகன் சிறுவயதில் சில காலம் கெய்ரோவிலும் படித்தான். உள்நாட்டுப் போர் கொழுந்துவிட்டெரிந்த 1982இல், பலர் அந்நகரை விட்டு ஓடிக்கொண்டிருந்தபோது, மால்கம் கெர் அதே பல்கலைக்கழகத்தின் தலைவராகப் பொறுப்பேற்றார். 1984 ஜனவரி 18 அன்று தம் அலுவலக வாசலில் துப்பாக்கிதாரிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அப்போது ஸ்டீவ், அரிசோனா பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு மாணவர். வயது பதினெட்டு. பெரிய கல்லூரிகள் எதுவும் விரும்பி அழைக்காத பையன். கடைசி நேரத்தில் மிஞ்சியிருந்த ஓர் இடத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டவர். தந்தையின் மரணச் செய்தி வந்த இரண்டாம் நாள் போட்டி நடந்தது. தொடக்கத்தில் மௌன அஞ்சலி செலுத்தப்பட்டபோது நின்ற இடத்தில் அழுதார். பிறகு பெஞ்சிலிருந்து எழுந்து களமிறங்கி, எறிந்த முதல் பந்தையே வலைக்குள் போட்டார். நான்கு ஆண்டுகளுக்குப் பின், எதிரணி ரசிகர்கள் சிலர் அவர் தந்தையின் மரணத்தையே கேலிப் பொருளாக்கிக் கூவினர். 'பெய்ரூத்துக்குத் திரும்பிப் போ' என்ற கூச்சலும் அதில் இருந்தது. அன்று முதல் பாதியில் மட்டும் ஆறு மூன்று-புள்ளி எறிதல்கள் அவர் கையிலிருந்து வலைக்குள் விழுந்தன. அந்தக் கூச்சலின் இரைச்சல் எப்படி இருந்திருக்கும் என்பதை, வகுப்பறையில் ஊர்ப்பெயர் சொல்லியும் மதப்பெயர் சொல்லியும் சீண்டப்பட்ட நம் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை.

1988இல் அமெரிக்கத் தொழில்முறை அணிகள் இளைஞர்களைத் தெரிவு செய்தபோது, கெர் ஐம்பதாவது ஆளாகத் தேர்வானார். பதினைந்து பருவங்களில் 910 ஆட்டங்கள் ஆடினார். அவற்றுள் தொடக்க ஐவரில் ஒருவராக இறங்கியவை வெறும் 30. அதாவது 880 முறை பெஞ்சில் அமர்ந்து, அழைப்பு வரும்வரை காத்திருந்தவர். ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக ஆறு புள்ளிகள். இந்தக் கணக்கை மட்டும் அந்த டர்னர் சகோதரரிடம் காட்டினால், 'பார்த்தீர்களா, நான் சொன்னேனே' என்பார். ஆனால் அவர் எறிந்த மூன்று-புள்ளிப் பந்துகளில் நூற்றுக்கு 45.4 வலைக்குள் சென்றன. அந்தப் போட்டித் தொடரின் வரலாற்றில் அந்த விகிதமே முதலிடம் வகிக்கிறது. கிடைப்பது நாளைக்கு நான்கைந்து வாய்ப்புகள். அவற்றுக்காகவே அவர் உடலையும் கையையும் பழக்கி வைத்திருந்தார்.

அப்படிக் காத்திருந்ததன் பலன் 1997 ஜூன் மாதம் தெரிந்தது. இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம். சிகாகோ புல்ஸும் யூட்டா ஜாஸும் 86-86 எனச் சமநிலை. கடைசி எறிதல் மைக்கேல் ஜோர்டானுடையதுதான் என்பது அரங்கில் இருந்த எல்லாருக்கும் தெரியும். அதனால்தான், கெர்ரைக் காக்க வேண்டிய ஆட்டக்காரர் அவரை விட்டுவிட்டு ஜோர்டான் பக்கம் ஓடுவார் என்று ஜோர்டான் முன்கூட்டியே கணித்தார். இடைவேளையில் கெர்ரிடம் அதைச் சொல்ல, தாம் தயாராக இருப்பதாக அவரும் பதிலளித்தார். அப்படியே நடந்தது. இருவர் ஜோர்டானைச் சூழ, பந்து கெர்ரிடம் வந்தது. ஐந்து நொடிகள் மீதமிருக்க அவர் எறிந்தது வலைக்குள் விழுந்தது. கோப்பை சிகாகோவுக்கு. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் பயிற்சியின்போது கெர்ரின் முகத்தில் குத்துவிட்டவரும் இதே ஜோர்டான்தான் என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை. உலகின் தலைசிறந்த ஆட்டக்காரரிடம் அந்தப் பெஞ்சுக்காரர் பணிந்துபோகாமல் எதிர்த்து நின்றிருந்தார். பிறகு ஜோர்டான் மன்னிப்புக் கேட்டார். பந்தை நம்பிக் கொடுத்தது அதற்குப் பிறகு.

ஆட்டக்காரராக மொத்தம் ஐந்து கோப்பைகள்: மூன்று சிகாகோவில், இரண்டு சான் அன்டோனியோவில். ஃபில் ஜாக்ஸன், கிரெக் போபோவிச் என்னும் இரு பெரும் பயிற்சியாளர்களின் பக்கத்தில் அமர்ந்து பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்தார். 'பார்த்துக்கொண்டிருந்தார்' என்ற சொல்லை இங்கே அழுத்திச் சொல்கிறோம். பட்டறையில் புதிதாகச் சேர்ந்த ஹெல்பர், லேத்தைத் தொட அனுமதியில்லாத நாட்களில்தான் மெஷினின் சத்தத்தைக் கேட்டு டூல் மழுங்கிவிட்டதை அறியப் பழகுகிறான். ஓட்டிக்கொண்டிருப்பவருக்குத் தம் கையிலுள்ள வேலைதான் தெரியும்; பக்கத்தில் நிற்பவனுக்கு முழுப் பட்டறையும் தெரியும். களத்தின் ஓரத்தில் இருப்பவனின் நிலையும் அதுவே.

2014இல், அதற்குமுன் ஒருநாளும் பயிற்சியாளராக இருந்திராத கெர்ரிடம் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி ஒப்படைக்கப்பட்டது. திறமைக்குக் குறைவில்லாத அணி. ஆயினும் முந்தைய பருவத்தில் எல்லா அணிகளிலும் மிகக் குறைவாகப் பந்தைப் பகிர்ந்துகொண்ட அணி. ஓர் ஆட்டத்துக்கு முந்நூறு முறையாவது பந்து கைமாற வேண்டும் என்று அவர் இலக்கு வைத்தார். நட்சத்திரமாக வாழ்ந்தவருக்கு இந்த எண்ணம் தோன்றியிருக்குமா என்பது நமக்கு ஐயமே. பந்து வராமல் காத்திருந்தவனுக்குத்தான், பந்து வந்தால் ஒரு மனிதன் எப்படி விழித்தெழுகிறான் என்பது தெரியும். அதுவரை வாழ்நாளில் ஒருமுறைகூடப் பெஞ்சில் தொடங்காத ஆண்ட்ரே இகுவோடாலாவிடம், இனி நீங்கள் பெஞ்சிலிருந்து வர வேண்டும் என்று சொல்லி ஏற்கவைத்தார். அந்த வார்த்தையைச் சொல்லும் தகுதி 880 முறை அமர்ந்திருந்தவருக்கு இருந்தது. அதே ஆண்டு இறுதித் தொடரில் அணி 1-2 எனப் பின்தங்கியபோது, நிக் யூரென் என்னும் 28 வயது உதவியாளர், இகுவோடாலாவைத் தொடக்கத்தில் இறக்கலாம் என்று யோசனை சொன்னார். கெர் ஏற்றார். அடுத்த மூன்று ஆட்டங்களையும் வென்று, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அந்த அணி கோப்பையைத் தொட்டது. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் இகுவோடாலா. யோசனை யாருடையது என்பதைக் கெர் மறைக்கவில்லை. யூரெனின் பெயரைச் சொல்லியே பாராட்டினார். நம்மூர் நிர்வாகக் கூட்டங்களில் இருபத்தெட்டு வயது இளைஞன் வாய் திறந்தால் என்ன நடக்கும் என்பதை நாம் அறிவோம்.

பிறகு 2017, 2018, 2022 ஆகிய ஆண்டுகளிலும் கோப்பை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க ஆடவர் அணியின் பயிற்சியாளராகத் தங்கம். அந்த விவரங்களை விரித்துரைக்க வேண்டியதில்லை.

நமக்கு அவரை நெருக்கமாக்கியது வேறொன்று. 2017 ஜனவரியில், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஏழு நாடுகளின் மக்கள் அமெரிக்காவுக்குள் வரக் கூடாதெனத் தடை விதிக்கப்பட்டபோது, அதை வெளிப்படையாக எதிர்த்துப் பேசியவர்களுள் கெர்ரும் ஒருவர். பயங்கரவாதத்தில் தந்தையைப் பறிகொடுத்தவன் என்ற முறையில் பேசுகிறேன் என்றே தொடங்கினார். ஒரு கூட்டத்தாரையே வாசலில் நிறுத்துவது பயங்கரவாதத்தை ஒழிக்காது, அச்சத்தை வளர்க்கும் என்பது அவர் வாதம். ஒரு கயவன் செய்ததற்காக ஊரையே வெறுக்க அவருக்குக் காரணம் இருந்தது; பலர் அதை நியாயமென்றே ஏற்றிருப்பார்கள். அவர் வெறுக்கவில்லை.

அதற்காக அவரைக் குறையற்றவராக நாம் காட்டவில்லை. 2019இல் ஹாங்காங் விவகாரத்தில் சீனாவைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, எல்லாவற்றுக்கும் கருத்துச் சொல்பவர் அன்று நழுவினார். பின்னர் அதற்காக வருந்தவும் செய்தார். வணிகம் குறுக்கிட்டால் நாவு தடுமாறுவது மனித இயல்பு. நம் நாவுகளும் அப்படித்தான்.

இனி நம் ஊருக்கு வருவோம். எல்லாப் பெஞ்சுக்காரரும் கெர் ஆகிவிடுவதில்லை. அந்தச் சகோதரரிடம் அப்படி ஒரு கனவை விற்பது பாவம். ஆனால் இந்தப் பகுதியில், ஆவடியிலும் அம்பத்தூரிலும் பூவிருந்தவல்லியிலும், ஆட விரும்பும் பிள்ளைகள் ஏராளம். கற்றுக்கொடுக்கத் தெரிந்தவர்கள் சொற்பம். பல பள்ளிகளில் ஓர் உடற்கல்வி ஆசிரியரே கபடி முதல் கயிறு இழுத்தல் வரை அனைத்தையும் பார்த்துக்கொள்கிறார். இப்போது நந்தனத்தில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி 1920இல் தொடங்கப்பட்டது. கூடைப்பந்து பிறந்ததே 1891இல் ஓர் ஒய்.எம்.சி.ஏ. கூடத்தில்தான், அவ்வமைப்பின் வழியாகவே அது நம் நாட்டுக்கும் வந்தது. பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனம் 1961 முதல் பயிற்சியாளர்களை உருவாக்கி வருகிறது. மருத்துவம், பொறியியல் என்ற இரண்டு வாசல்களைத் தவிர வேறு வாசல் இருப்பதை நம் வழிகாட்டி முகாம்களில் சொல்வதே இல்லை. முதல் மதிப்பெண் பெற்றவருக்குக் கேடயம் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். ஒன்பதாவது இடத்தில் நிற்பவனிடம் உனக்கு எது வரும் என்று கேட்பதில்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை, தெற்கு ரயில்வேயில் பணியாற்றிக்கொண்டே இந்திய அணிக்குத் தலைமை தாங்கி, தாயான பின்னும் களத்துக்குத் திரும்பி, 2021இல் பத்மஸ்ரீ பெற்றவர். நம் பெண்களுக்குத் தடையாகச் சொல்லப்பட்டது தலைமறைப்பு. 2014 ஆசிய விளையாட்டில் கத்தார் மகளிர் அணி, ஹிஜாபைக் கழற்ற மறுத்து ஆடாமலே வெளியேறியது. 2017இல் பன்னாட்டுக் கூட்டமைப்பு அந்த விதியை மாற்றிவிட்டது. விதி மாறிய செய்தி நம் வீடுகளை வந்தடைந்ததா என்பதே கேள்வி.

அந்தச் சகோதரரிடம் அடுத்த ஜுமுஆவில் பேசினோம். நிறுத்த வேண்டாம் என்றோம். மஃரிப் நேரத்தில் பத்து நிமிடம் விடுமாறு பயிற்சியாளரிடம் நீங்களே நேரில் சென்று கேளுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள் என்றோம். தேர்வு மாதத்தில் நான்கு மாலைகளை இரண்டாகக் குறைக்கலாம் என்றும் சொன்னோம். அவர் முழுமையாகத் தெளிந்ததாகத் தெரியவில்லை. மகனும் அருகில் நின்றிருந்தான். பெஞ்சில் உட்கார்ந்து என்னதான் பார்க்கிறாய் தம்பி என்று அவனிடம் கேட்டோம்.

சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னான்: "போன மேட்ச்ல எதிர் டீம்ல ஏழாம் நம்பர் எப்பவும் இடது பக்கமாவே போனான். வலது கால ஊன்றி எம்பவே இல்ல. அடிபட்டிருக்கும்னு நினைக்கிறேன்."

அவனுடைய அத்தா திரும்பிப் பார்த்தார். "இத உங்க சார்கிட்ட சொன்னியா?"

"இல்லத்தா. யாரும் கேக்கல."

"நாளைக்குப் போய் சொல்லு" என்றார் அவர்.