தேம்பாவணி யாருடையது?

அச்சரப்பாக்கத்தில் சம்பந்தர் பாடிய ஆட்சீசுவரர் ஆலயமும் உண்டு. குன்றின்மேல் மழை மலை மாதா கோயிலும் உண்டு. இரண்டும் ஊருக்குச் சொந்தம். நூல்களிடத்தில் மட்டும் நாம் வேலி போடுவானேன்?

இத்தாலியில் 1680-ல் பிறந்த வீரமாமுனிவர், சூசையப்பருக்கு 'வளன்' என்று தமிழ்ப் பெயர் சூட்டி, 3,615 பாடல்களில் தேம்பாவணி இயற்றினார். யூதேய நாட்டை வருணிக்கையிலும் நம் வயலும் புனலுமே அங்கே பொலிகின்றன. அவருக்குச் சிந்தாமணி அந்நியமாய் இருக்கவில்லை.

கத்தோலிக்க அன்பர்களோ அந்நூலைப் போற்றிப் பெட்டியில் வைக்கின்றனர். ஏனையோர் பிற சமய நூலென்று விலக்குகின்றனர். இரு சாராரும் படிக்கவில்லை என்பதே உண்மை. தேவாரத்தைக் கிறிஸ்தவரும் தேம்பாவணியைச் சைவரும் ஓதினால் எந்தத் தெய்வத்துக்கும் குறைவில்லை. தமிழுக்கோ பெரும் இலாபம்.