எண்ணெய் விமானம் விட்டு மின் விமானம்

மெதனோலும் நைத்திரோமெதேனும் ஆமணக்கெண்ணெயும் கலந்த எரிபொருளின் மணத்திலே பல்லாண்டு பழகியவர்க்கு, மின்னாற் பறக்கும் மாதிரி விமானம் சிறுவர் விளையாட்டுப் பொருளாகவே தோன்றும். 1957 ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்திற் கேணல் தப்ளின் என்பார் வானொலியால் ஆளப்பெற்ற மின் விமானமொன்றைப் பறக்கவிட்டதை அவர் எண்ணுவதில்லை. ஆதலின், முதன்முறை மின் விமானம் வாங்கப்புகும் அன்பர், தம் கைத்திறனை நம்பிச் சிறியதும் விரைவு மிக்கதுமான போர்விமான உருவையே நாடுகின்றார். இஃது எமக்கு உடன்பாடன்று.

நுரைப்பொருளாலான சிற்றுருவங்கள் காற்றிற் சருகென அலைவன; மரத்தாலான கனத்த விமானத்துக்குப் பழகிய கை அங்கே தடுமாறும். சிறகு 120 சதமமீற்றருக்குக் குறையாத, உடலுக்கு மேலே சிறகமைந்த, ஏலரான் உடைய விமானமே தக்கது. மூன்று கலங்கொண்ட 2200 மில்லியம்பியர்-மணி இலிதியம் பொலிமர் அடுக்கு அதற்குப் போதும். அடுத்து வாங்குவதற்கும் பெரும்பாலும் அதுவே உதவும்.

விமானத்தினும் பழக்கமே முக்கியமாக மாறவேண்டும். எண்ணெய் எந்திரம் நாம் முடுக்கினாலன்றிச் சுழலாது. மின்மோட்டரோ அடுக்கை இணைத்ததும் விழித்துக்கொள்ளும். சட்டைக்கை தவறி விசைநெம்பிற் பட்டாலும் விசிறி விரலை வெட்டிவிடும். ஓசையின்மையால் அது தூங்குவதாக எண்ணுவோர் பலர். தாங்கி வற்றினால் எந்திரம் நிற்கும், அவ்வளவே. கலமொன்று 3 உவோல்ற்றுக்குக் கீழ் இறங்கினாலோ அடுக்கே பழுதாகும். ஆகவே மணிபார்த்துப் பறக்கவேண்டும்.

வீங்கிய அடுக்கு தீப்பற்றக்கூடியது. "இன்னும் ஒருதரம் பறக்கட்டும்" என அதனை மீண்டும் மின்னேற்றுஞ் சிக்கனத்தை யாம் ஒருபோதும் ஒப்போம். விமானத்திற் சிறிது குறைத்தேனும், கலங்களைச் சமன்செய்யும் நல்ல மின்னேற்றியொன்றை உடன் வாங்குக. அது மின்னேற்றும்போது அருகிலேயே இருக்க.