போதைத் தடுப்புப் பாடம் நம் பிள்ளைகளுக்கும் வேண்டும்

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் கூலித் தொழிலாளர்கள். தலித் மக்கள் பலர். தாய், தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளும் உண்டு. போதையின் கேட்டை முதலில் சுமப்பது நம் தெருக்கள்தான். தடுப்புப் பாடம் மட்டும் கடைசியில் வரலாமா?

பள்ளிகளில் ஆண்டுதோறும் போதை எதிர்ப்பு உறுதிமொழி எடுக்கிறார்கள். ஊர்வலம் நடத்துகிறார்கள். நல்லதுதான். ஆனால், ஒருநாள் உரையும் அச்சுறுத்தும் படங்களும் வளரிளம் பிள்ளைகளைத் தடுத்துவிடாது. வாரக்கணக்கில் தொடர்ந்து பேசி, மறுக்கப் பழக்கும் பாடமே பயன்தரும். ஆஸ்திரேலியப் பள்ளிகளில் இதை இணையவழியில் நடத்துகிறார்கள். நண்பன் குடிக்க வற்புறுத்தினால் என்ன செய்வது என்பது போன்றவற்றை மாணவர்கள் சித்திரக்கதையாகப் பார்க்கிறார்கள்; பிறகு வகுப்பில் பேசுகிறார்கள். அப்படிப் படித்தவர்களிடம் குடிப்பழக்கம் குறைவாக இருந்ததை ஆய்வுகள் காட்டின.

தமிழிலும் இத்தகைய பாடம் வர வேண்டும் என்கிறோம். ஆனால், அதைக் கைபேசிக்கு அனுப்பிவிட்டால் கடமை முடிந்துவிடாது. கொரோனா காலத்தில் கைபேசி இல்லாமல் பாடத்தை இழந்தவர்கள் யார் என்பது நமக்குத் தெரியும். அரசு மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் இருக்கின்றன. பள்ளி நேரத்திலேயே அங்கு பாடம் நடக்கட்டும். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் விடுதிகளும் விடுபடக் கூடாது.

பாடம் எல்லா மாணவருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். குடி என்றாலே சேரி என்று முத்திரை குத்தி, நம் பிள்ளைகளை மட்டும் தனியே அழைத்து அறிவுரை சொல்வதும், அவர்களின் பையை மட்டும் சோதிப்பதும் தீண்டாமையின் இன்னொரு வடிவமே. தடம் மாறிய மாணவரை மாற்றுச் சான்றிதழ் கொடுத்து வெளியேற்றக் கூடாது. ஆலோசகரிடம் அனுப்ப வேண்டும். முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளைக்குப் பள்ளிதான் கடைசிப் பிடிமானம்.

விற்பவர்களையும் விடக் கூடாது. தமிழ்நாட்டில் 21 வயது நிறையாதவருக்கு மது விற்கக் கூடாது. சிறாருக்கு மதுவோ போதைப்பொருளோ கொடுத்தால், 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி 7 ஆண்டு வரை சிறை. சட்டம் இருக்கிறது, வழக்குப் பதிய வேண்டும்.

பெற்றோரே, பள்ளி மேலாண்மைக் குழுவிலும் கிராம சபையிலும் இதைக் கேளுங்கள். மாணவர்களே, நண்பன் சிக்கிக்கொண்டால் அவனை ஒதுக்காதீர்கள். போதை மீட்பு உதவிக்கு 14446 என்ற எண் இருக்கிறது. கல்வி நம்மை மீட்கும் என்றார் அம்பேத்கர் வழிவந்த நம் முன்னோர். அந்தக் கல்வியைக் குடிக்குப் பறிகொடுக்க மாட்டோம்.