த்ரெட் போட்டால் டிஸ்க் ஓடுமா?

"ஃபைல் படிக்க லேட்டாகுதா? நாலு த்ரெட் போடு, பறக்கும்!" இந்த வசனத்தை நம் லேபில் கேட்காதவர் இருக்க முடியாது. வைவாவில் சொன்னால் மார்க்கும் விழுகிறது. ஆனால் எந்த டிஸ்க் என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்காமல் சொல்வது பாதிப் பதில்தான் என்பது என் கருத்து.

ஹார்டு டிஸ்க்கை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 7200 சுற்று. அதாவது ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி செகண்ட். படிக்கும் தலைகள் பல இருந்தாலும் எல்லாம் ஒன்றாகத்தான் நகரும். அவை இடம் மாற சராசரியாக 8, 9 மில்லி செகண்ட். வேண்டிய இடம் சுற்றி வர இன்னொரு 4. ஆக ஒரு தாவலுக்குச் சுமார் 12 மில்லி செகண்ட் போச்சு. செகண்டுக்கு 150 மெகாபைட் தரும் டிஸ்க் என்றால், நேராகப் படித்திருந்தால் அந்த நேரத்தில் 1.8 மெகாபைட் வந்திருக்கும். நாலு த்ரெட் நாலு பெரிய ஃபைலைத் துண்டு துண்டாகக் கேட்டால் தலை அல்லாடாமல் என்ன செய்யும்? ஒரே ராட்டினம் உள்ள கிணற்றில் நாலு பேர் மாறி மாறிக் கயிற்றைப் பிடுங்கினால் தண்ணீர் சீக்கிரம் வருமா? (சின்ன ஃபைல்கள் ஏராளம் என்றால் கொஞ்சம் லாபம் உண்டு. சாட்டா டிஸ்க்கில் என்.சி.க்யூ. வசதி 32 கேள்விகள் வரை வாங்கி வைத்து, தலைக்கு வசதியான வரிசையில் முடிக்கும்.)

எஸ்.எஸ்.டி. கதையே வேறு. சுற்றும் தட்டு இல்லை. உள்ளே பல ஃப்ளாஷ் சிப்புகள். ஒரே நேரத்தில் வேலை செய்யக்கூடியவை. ஒவ்வொன்றாகக் கேட்டால் மற்றவை சும்மா கிடக்கும். அங்கே த்ரெட் போடுங்கள், நானும் கை தட்டுகிறேன்.

இது மார்க் சமாசாரம் மட்டுமில்லை. எங்கள் வீட்டில் காலேஜ் வந்த முதல் ஆள் நான். சந்தேகம் கேட்க அண்ணனோ அக்காவோ கிடையாது. அப்பா வட்டிக்கு வாங்கித் தரும் காசில் பழைய கம்ப்யூட்டரில் எதை மாற்றுவது? "கோர் அதிகமுள்ள ப்ராசஸர் போடு" என்பார்கள். கணக்குப் போடும் வேலைக்கு அது சரி. ஹார்டு டிஸ்க்குக்காகக் காத்துக் கிடக்கும் மெஷினுக்கு அந்தக் காசு தண்டம், எஸ்.எஸ்.டி.தான் வேண்டும்.

ஆகவே நீங்களே அளந்து பாருங்கள். ஒரே ஃபைலை இரண்டாம் தடவை படித்துவிட்டு "ஆஹா, வேகம்!" என்று குதிக்காதீர்கள், அது மெமரியிலிருந்து வருவது. ஒவ்வொரு தடவையும் மெஷினை ரீஸ்டார்ட் செய்து, ஒரு த்ரெட், ரெண்டு, நாலு என்று ஓட்டி நேரத்தைக் குறியுங்கள். வைவாவில் "எந்த டிஸ்க் சார்?" என்று திருப்பிக் கேட்கும்போது அந்தத் தாள் கையில் இருக்கட்டும்.