ஏரி காத்தது யார்?

மதுராந்தகத்து ஏரியைப் பற்றிய கதையைச் செங்கற்பட்டு ஜில்லாவில் அறியாதார் இல்லை. 1790-களில் இந்த ஜில்லாவுக்குக் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் என்ற வெள்ளைக்காரர், அடிக்கடி உடைந்துகொண்டிருந்த ஏரிக்கரை இம்முறை உடையாதிருந்தால் தாயார் சந்நிதியைக் கட்டித் தருவதாகச் சொன்னாராம். அடைமழை இரவில் கரையைப் பார்க்கப் போனவர், வில்லும் அம்புமாக ராம லட்சுமணர்கள் காவல் நிற்கக் கண்டாராம். கரை உடையவில்லையாம். ஆகவே அவ்வூர்ச் சாமிக்கு "ஏரி காத்த ராமர்" என்று பெயர்.

நாம் கேட்பது ஒன்றுதான். முந்தின வருஷங்களில் கரை உடைந்தபோது இதே ராமர் இதே கோவிலில்தானே இருந்தார்? அப்போது வில் எங்கே போயிற்று? சந்நிதிக்குப் பேரம் முடிந்த பிறகுதான் காவலுக்கு வருவார் என்றால், அவரைக் கடவுள் என்பதைவிடக் கூலிக்காவலர் என்பதல்லவா பொருந்தும்? அந்தக் கலெக்டர் ஜில்லாவின் ஏரிகளைச் செப்பனிடுவதில் அக்கறை காட்டியவர் என்பது சரித்திரம். ஆனால் கூடை கூடையாக மண் சுமந்த ஆணையும் பெண்ணையும் பற்றிக் கதையில் ஒரு வார்த்தையாவது உண்டா?

நிற்க. கரை எதனால் நிற்கிறது என்பதை நம் ஜனங்கள் தெரிந்துகொள்ள வேண்டாமா? அதற்குக் கல்லிலிருந்தே தொடங்க வேண்டும். நமது ஜில்லாவின் பெரும்பகுதியில் மண்ணுக்கு அடியில் கடினப் பாறை. பல்லாவரத்து மலையில் உள்ள கல்வகைக்கு உலகமெங்கும் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னோக் என்பவரின் கல்லறையில் பதித்திருந்த கல்லை ஆராய்ந்த ஹாலந்து என்ற விஞ்ஞானி வைத்த பெயர் அது. நம்மூர்க் கல்லுக்குச் செத்துப்போன வெள்ளைக்காரர் பெயர்!

மாமல்லபுரத்துச் சரிவில் நிற்கும் உருண்டைப் பாறையைக் கிருஷ்ணன் வெண்ணெய் என்று சொல்லிப் பிள்ளைகளை ஏமாற்றுகிறார்கள். பூமிக்குள் ஆழத்தில் இறுகிய பாறை, மேல்பாரம் கரைந்து போனதும் விரிசல் விடுகிறது. விரிசலில் நீர் இறங்குகிறது. தட்டையான முகத்தை நீர் ஒரு பக்கம் அரிக்க, மூலையை மூன்று பக்கமும் அரிப்பதால் மூலை முந்தி உதிர்ந்து கல் உருண்டையாகிறது. உதிர்ந்ததில் ஒரு பங்கு ரசாயன மாறுதலடைந்து களிமண்ணாகிறது. கரையாத படிகத்துணுக்கு மணலாகிறது. வெண்ணெய் திருடிய கதையைவிட இது எவ்வளவு ருசியான சங்கதி!

களிமண் துகள் ஒரு மில்லிமீட்டரில் 500-ல் ஒரு பங்குக்கும் சிறியது. அதைக் கெட்டித்தால் இடுக்கு மிகச் சிறிதாகி நீர் எளிதில் புகாது. மணலில் தாராளமாகப் புகும். ஆனால் வெறும் களியோ காய்ந்தால் வெடிக்கும். ஆகவே இரண்டும் தக்கபடி கலந்த மண்ணைத் தெரிந்தெடுத்து, உட்சரிவில் கல் பாவி, கரையின் தலைக்குத் தாழ்வாகக் கலங்கல் வைத்தார்கள். நீர் தலையைத் தாண்டினால் மண்கரை அறுந்து போகும் என்பது அவர்களுக்குத் தெரியும். வெளிப்புறம் கசியும் நீர் தெளிவாயிருந்தால் கவனித்தால் போதும், கலங்கலாயிருந்தால் கரையின் மண்ணே உள்ளிருந்து போகிறது என்று பொருள். இதை அறிந்து இரவெல்லாம் கரையைச் சுற்றியவர் நீர்க்கட்டி. அவர் பெரும்பாலும் சேரியிலிருந்து வந்தவர். அவர் காத்த நீரை அவர் கையால் தொட்டால் தீட்டு என்றார்கள். காத்த பெருமை மட்டும் ராமருக்கு!

கடற்கரைக்குப் போனால் வேறு வேடிக்கை. அங்கே மணலைக் கட்டி நிறுத்தும் முள்புல்லுக்கு இராவணன் மீசை என்று பெயர். காற்றைத் தடுத்து மணலை விழச் செய்து, மணல் மூடினாலும் கணுவில் வேர்விட்டு மேலே வந்து, மேட்டை வளர்க்கிறது. ஏரியை ராமர் காத்தார் என்பது கதை. கரையை இராவணன் மீசை காப்பது கண்கூடு. அந்த மேட்டைச் சமன் செய்து விடுதி கட்டுவோருக்குத்தான் இது தெரியவில்லை. பக்கத்துச் சவுக்கு, சத்தில்லாத மணலில் வளர்வதும் வருணன் கருணையால் அல்ல. அதன் வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து உரமாக்கித் தருகிறது.

செடியும் பாம்பும் அறிந்த இருளரைப் படிக்காதவர் என்றோம். வடநெம்மேலியில் 1978-ல் அவர்கள் அமைத்த கூட்டுறவுச் சங்கம் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் விஷத்தை எடுத்து மருந்து செய்வோருக்குக் கொடுத்து வருகிறது. அம்மருந்து உயிர் காக்கிறது, மந்திரம் காப்பதில்லை. 2023-ல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரு இருளருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இனியாவது அவர்களைப் பள்ளிக்கூடத்திற்கு அழைத்துப் பாடம் சொல்லச் செய்தால் என்ன?

ஏரியையும் வரத்துக் கால்வாயையும் மனையாக்கி விற்றதன் பலனை 2015 டிசம்பரில் சென்னைச் சுற்றுப்புறம் அனுபவித்தது. ஐப்பசிக்கு முன்பே நம் தோழர்கள் பிள்ளைகளை ஏரிக்கரைக்கு அழைத்துப் போகட்டும். ஒரு பிடி மண்ணைக் கண்ணாடிப் புட்டியில் நீர்விட்டுக் குலுக்கி வைத்தால் மணல் உடனே அடியில் தங்கும், வண்டல் பிறகு படியும், களி மறுநாளும் மிதக்கும். தம் ஊர்க்கரை எதனால் ஆனதென்று பிள்ளைகள் தாங்களே சொல்லுவார்கள். எலிவளையும் மரவேரும் எங்கே கரையைத் துளைக்கின்றன, கலங்கலை யார் அடைத்திருக்கிறார்கள் என்பதையும் அப்போதே குறித்து வந்து பஞ்சாயத்தில் கேட்கட்டும்.